கடை வண்டியின் சர்வீஸ் பில்: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்



சீனி மூட்டை ஒன்றுக்கு இருபது ரூபாய் நின்றால் போதும் என்று வியாபாரம் செய்கிறவர்கள் நாம். கொள்முதலில் குவிண்டாலுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் போனில் மல்லுக்கட்டுகிறோம். அதே நாம், கடை வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கு விட்டு எடுக்கும்போது மட்டும், நீட்டிய பில்லைப் படிக்காமலே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வந்தேன்.

2021-ல் வாங்கிய டீசல் சரக்கு வண்டி ஒன்று நம் கடையில் ஓடுகிறது. 2023-ல் அதற்கு வந்த சர்வீஸ் பில்லை ஒரு நாள் மதியம் கல்லாவில் உட்கார்ந்து, சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வரி நீங்கலாக ரூ.12,920/-. எஞ்சின் ஆயில் ஆறரை லிட்டர், லிட்டர் ரூ.540 வீதம் ரூ.3,510. மூன்று ஃபில்டர்கள் சேர்ந்து ரூ.2,510. கூலன்ட் ரூ.930, பிரேக் ஆயில் ரூ.480, கூலி ரூ.1,950, துணி, கிரீஸ் வகையறா ரூ.260. இதுவரை சரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எஞ்சின் ஃப்ளஷ் ரூ.650, இன்ஜெக்டர் கிளீனர் ரூ.780, அடித்தளத் துருக் காப்புப் பூச்சு ரூ.1,850.

வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபில்டரோடு சேர்த்து எஞ்சினுக்குப் பிடிக்கும் ஆயில் ஐந்தரை லிட்டர்தான். ஒரு லிட்டர் எங்கே போயிற்று? ஃப்ளஷ், கிளீனர், பூச்சு மூன்றும் அந்தக் கிலோமீட்டருக்கான அட்டவணையில் இல்லவே இல்லை. இல்லாத இந்த மூன்றுக்கும், அந்த ஒரு லிட்டருக்கும் சேர்த்து ரூ.3,820. அதாவது 191 மூட்டை சீனி விற்ற இலாபம். போன் செய்து கேட்டபோது, "சிஸ்டத்தில் அப்படித்தான் சார் வரும்" என்றார் அங்கிருந்த தம்பி. நம் கடையில் எடையில் கால் கிலோ குறைந்தால் இந்தப் பதிலை வாடிக்கையாளர் ஏற்பாரா?

கையேடு கேட்பது தரத்தையே

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டி கம்பெனிகள் ஆயில் காய்ச்சுவதில்லை. எண்ணெய் நிறுவனங்களிடம் தங்களுக்கு வேண்டிய தரத்தைச் சொல்லிக் கலக்கச் செய்து, தங்கள் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து வாங்கிக்கொள்கின்றன. ஆலையில் அரைத்த அரிசியை நாம் நம் கடை மார்க் போட்ட சாக்கில் கட்டி விற்பது போலத்தான். அதில் தவறில்லை. நம் சாக்குக்கு நாம் விலை வைப்பது போல அவர்கள் டப்பாவுக்கு அவர்கள் விலை வைக்கிறார்கள். ஆனால் அந்த டப்பாவை விட்டால் வண்டி கெட்டுவிடும் என்று பயமுறுத்துவதுதான் தவறு. அக்மார்க் தேன் வேண்டும் என்று கேட்பது வேறு. இன்ன கடை அக்மார்க் தேன்தான் வேண்டும் என்பது வேறு.

தரம் எங்கே எழுதியிருக்கிறது? டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்று இருந்தால் அது எஸ்.ஏ.இ. கெட்டித்தன்மை. டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் ஓடும் தன்மை. பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டி. அடுத்து ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கத் தர எழுத்து. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. பெட்ரோலுக்கு எஸ்.என். 2010-லும் எஸ்.பி. 2020-லும் வந்தவை, டீசலுக்கு சி.ஐ.-4 என்பது 2002-லும் சி.கே.-4 என்பது 2016-லும் வந்தவை. ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்றெல்லாம் இருப்பது ஐரோப்பியத் தரம்.

சில கார் கம்பெனிகள் இதோடு நில்லாமல் சொந்தத் தர எண் வைத்திருக்கின்றன. வோக்ஸ்வாகனுக்கு 504.00, 507.00, பென்ஸுக்கு 229.51 என்பது போல. அப்போதும் அந்த எண்ணுக்குப் பரீட்சை செய்து அங்கீகாரம் வாங்கிய ஆயில்கள் பல நிறுவனங்களிடம் உண்டு. டப்பாவில் "அங்கீகாரம் பெற்றது" என்று இருக்கிறதா, வெறுமனே "பொருத்தமானது" என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். இரண்டாவது, விற்கிறவர் தாமே சொல்லிக்கொள்வது.

நான் செய்த தவறு

பில்லைப் பார்த்த கோபம் எனக்கு அடங்கவில்லை. 2024-ல் வாரண்டி முடிந்ததும் வண்டியை நம் தெரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் பழைய லாரிக்கு வாங்கிவைத்த 15டபிள்யூ-40, சி.ஐ.-4 தர ஆயில் பாதி பக்கெட் கிடந்தது. "டீசல் ஆயில்தானே, ஊற்று" என்றேன். மெக்கானிக் தம்பி, "அண்ணாச்சி, இது பி.எஸ்.-6 வண்டி, புகைக் குழாயில் ஃபில்டர் இருக்கு" என்று ஒரு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு சர்வீஸ் அப்படியே ஓடியது. சிக்கனமாக முடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையும் பேசினேன்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் விற்கும் வண்டிகள் பி.எஸ்.-6 விதிப்படி வந்தவை. அவற்றில் டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் ஆயிலில் கலந்துள்ள உலோக உப்புகள் எரிந்து சாம்பலாகி அதே வடிகட்டியில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த சி3, சி.கே.-4 போன்ற தர ஆயிலைக் கேட்கிறார்கள். இது கம்பெனியின் வியாபாரத் தந்திரம் அல்ல. என் லாரி ஆயில் அந்த வகை இல்லை. போதாக்குறைக்கு வண்டி கடைவீதிக்குள்ளேயே ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கும் கிட்டங்கிக்குமாக இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டம். வடிகட்டி சூடேறிக் கரியை எரிக்க அந்தத் தூரம் போதாது.

2025-ல் விளக்கு எரிய ஆரம்பித்தது. பிறகு வண்டி இழுக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிலை மாற்றி வெளியே எடுக்க ரூ.38,000/- ஆயிற்று. நான்கு நாள் வாடகை வண்டி தனி. இரண்டு வருடம் ஆயிலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை ரூ.3,000-கூட இராது. தெரு ஒர்க்ஷாப்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்ட வித்தியாசம் இதுதான். தர எண்ணைக் குறைக்கக் கூடாது. பெயருக்கும் பயத்துக்கும் கொடுக்கும் பணத்தைக் குறைக்கலாம்.

மற்ற திரவங்கள்

பிரேக் ஆயிலில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மழைக்காலத்தில் உப்பு மூட்டை ஈரம் இழுப்பது போல அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினபின் அந்த அளவு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினபின் 155. கொதித்தால் குழாயில் ஆவி கட்டி, மிதித்த பிரேக் பிடிக்காது. சரக்கு ஏற்றிக் கொடைக்கானல் மலை இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெரும்பாலான கையேடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். திறந்த டப்பாவில் மீந்ததை அடுத்த வருடத்துக்கு வைக்காமல், சின்ன டப்பாவாக வாங்குவதே நல்லது.

கூலன்டில் நாம் பாதி விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். ஊற்றத் தயாராக வரும் வகையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். கையேடு சொல்லும் தரத்திலேயே கெட்டி வகையை வாங்கி, டப்பாவில் போட்ட அளவுப்படி பேட்டரி தண்ணீர் கலந்துகொண்டால் ஒரு லிட்டர் இரண்டு லிட்டராகும். போர் தண்ணீரைக் கலந்தால் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்துத் தரம் பார்க்கக் கூடாது. நிறத்துக்கு என்று பொதுவான விதி கிடையாது.

சில பி.எஸ்.-6 வண்டிகளில் டி.இ.எஃப். என்ற யூரியாக் கரைசலுக்குத் தனி டாங்கி இருக்கும். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தர எண் டப்பாவில் இருந்தால் எந்தப் பெயரிலும் வாங்கலாம். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஓடிவிடுங்கள். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அது அந்தக் கருவியைக் கெடுக்கும். மானிய உரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது சட்டப்படிக் குற்றமும் ஆகும்.

கியர் ஆயிலில் ஜி.எல்.-4 கேட்ட இடத்தில் ஜி.எல்.-5 உசத்தி என்று ஊற்ற வேண்டாம். அதில் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை வளையங்களை அரிக்கக் கூடும். காரில் சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் கியர் இருந்தால் அதற்கு மட்டும் கம்பெனி சொன்ன ஆயிலையே வாங்கிவிடுவது உத்தமம்.

வாரண்டி பயம்

"வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும்" என்பதுதான் நம்மைக் கட்டிப்போடும் வார்த்தை. இது பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-ல் ஓர் உத்தரவு போட்டது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளியாருக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் ரூ.2,544 கோடி அபராதம். வெளி ஒர்க்ஷாப்புக்குப் போனதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆகவே உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவதைவிட, வாரண்டி இருக்கும்வரை அவர்களிடமே விட்டு, பில்லில் அட்டவணைக்கு மேற்பட்டதை வெட்டுவது நமக்கு லாபம் என்பது என் அபிப்பிராயம். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "அட்டவணைப்படி வேலை மட்டும், கூடுதல் வேலைக்கு முன்கூட்டிக் கேட்கவும்" என்று நம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். எழுதின பிறகு எனக்கு ஃப்ளஷ் வரவே இல்லை. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வாரண்டிக்குப் பிறகு வெளியே போகிறவர்கள் ஆயில் பில், ஃபில்டர் பில், கிலோமீட்டர் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். போலி ஆயில் பெரும்பாலும் அசல் டப்பாவில்தான் வருகிறது. ஆகவே காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடைக்கு முழுசாகப் போடாமல், மூடியையும் டப்பாவையும் வெட்டிப் போடவும்.

வரி விஷயத்தில் நம்மவர்கள் பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். கடை பெயரில் உள்ள சரக்கு வண்டியின் சர்வீசுக்கும் ஆயிலுக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். பில்லில் நம் கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். சர்வீஸ் எடுத்த அன்றே சொல்லிப் போடச் சொல்லுங்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத ஆள் ஏறும் வண்டிக்கு, அதாவது நம் காருக்கு, பொதுவாக இது கிடையாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. என்னுடைய அந்த 2023 பில் என் மகன் பெயரில் போட்டிருந்தது. வரி முழுவதும் போயிற்று.

சென்ற மாதம் வண்டிக்குச் சர்வீஸ் வந்தது. சி3 தர ஆயில் ஆறு லிட்டர் நானே வாங்கினேன், ரூ.2,340. மூன்று ஃபில்டரும் கம்பெனி உதிரி பாகக் கவுண்டரில் ரூ.2,640. தெரு ஒர்க்ஷாப்பில் கூலி ரூ.800. மொத்தம் வரி நீங்கலாக ரூ.5,780. பழைய பில்லோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. கூலன்டும் பிரேக் ஆயிலும் மாற்றும் வருடம் இதுவல்ல. ஐந்தரை லிட்டர் என் கண் முன்னால் ஊற்றினார்கள். மீந்த அரை லிட்டரை வண்டி எண் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். லாரி டிரைவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.