வளைவில் நீராவி எஞ்சின்: நூல் பிடித்துப் பார்ப்போம்



பொருட்காட்சிக்கு ஓடும் ரயில் மாடல் ஒன்று வைக்கலாம் என்று நம் வகுப்பில் பேச்சு வந்தபோது, எல்லோரும் கேட்டது, "எவ்வளவு பெரிய எஞ்சின் வைக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மிடம் உள்ள பலகையில் எவ்வளவு ஆரத்துக்கு வளைவு போட முடியும்? அந்த வளைவில் எந்த எஞ்சின் திரும்பும்? காசு செலவழிக்கும் முன்பே இதற்குக் கணக்கில் விடை கிடைக்கும். அதைத்தான் இங்கே காண்போம்.

1. பலகையும் வளைவும்

மாடல் ரயிலில் மிகவும் புழக்கத்தில் உள்ள அளவு எச்.ஓ. எனப்படும். உண்மை ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ரெடிமேடாகக் கிடைக்கும் வளைவுத் துண்டுகளில் 18 அங்குல (457 மி.மீ.) ஆரமும், 22 அங்குல (559 மி.மீ.) ஆரமும் சாதாரணம். எட்டுக்கு நாலு பிளைவுட்டின் அகலம் 48 அங்குலம். அதில் அரைவட்டம் போட்டால் 22 அங்குலத்துக்கு மேல் இடமில்லை.

நம் நீலகிரி மலை ரயிலின் மிகக் கூர்மையான வளைவு 17.5 டிகிரி, அதாவது 100 மீட்டர் ஆரம். அதை 87-ஆல் வகுத்தால் 1.15 மீட்டர் வருகிறது. மலை ரயிலுக்கே அவ்வளவு ஆரம்! நாம் அதில் பாதிக்கும் குறைவான ஆரத்தில் எஞ்சினைத் திரும்பச் சொல்கிறோம். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

2. நூல் கணக்கு

வெர்சைன் என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். லீவில் ஊருக்குப் போனபோது அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். "இது வளைவுக்கு நூல் பிடிக்கிறதுதானப்பா" என்றார். "இருபது மீட்டர் நூலை ரெண்டு முனையிலயும் தண்டவாளத்தோட ஒட்டிப் பிடிப்போம். நடுவுல நூலுக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு ஸ்கேல் வச்சுப் பாப்போம். ஒரு இடத்துல கூட, அடுத்த இடத்துல கம்மின்னா வண்டி குலுங்கும்."

அந்த நடு இடைவெளிதான் வெர்சைன். நூலின் நீளம் நீ, ஆரம் ஆ, இடைவெளி வெ என்றால்:

வெ = நீ² ÷ (8 × ஆ)

20 மீட்டர் நூலில் இடைவெளி 50 மி.மீ. என்றால் வளைவின் ஆரம் 1000 மீட்டர். வளைவு கெட்டிருப்பதை அப்பாவின் நூல் காட்டிவிடும். வளைவு போடுவதற்கு முன்பே நடக்கப்போவதைச் சொல்வது சூத்திரம். அப்பாவிடம் இதைப் போட்டுக் காட்டினேன். "அப்ப நூல் பிடிக்கும்போதே ஆரமும் தெரிஞ்சுடுமே" என்று ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3. எஞ்சினில் நூல் எது?

டிரைவிங் சக்கரங்கள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் விறைப்பாக நிற்கின்றன. முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை உள்ள தூரமே நம் நூல். இரு முனைச் சக்கரங்களும் தண்டவாளத்தில் இருக்கும்போது, நடுச் சக்கரங்கள் வெர்சைன் அளவுக்கு வளைவின் உட்பக்கம் விலகியாக வேண்டும்.

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேயின் இரண்டு எஞ்சின்களைப் பார்ப்போம்.

முதலாவது, 1926 முதல் 1930 வரை கட்டப்பட்ட 4-12-2 வகை. முன்னே 4 சிறு சக்கரம், நடுவில் 12 டிரைவிங் சக்கரம், பின்னே 2. டெண்டருடன் நீளம் சுமார் 102 அடி. விறைப்பு நீளம் 30 அடி 8 அங்குலம், எச்.ஓ.வில் 107 மி.மீ.

இரண்டாவது, 1941 முதல் 1944 வரை கட்டப்பட்ட பிக் பாய், 4-8-8-4 வகை. நீளம் சுமார் 132 அடி. ஆனால் டிரைவிங் சக்கரங்கள் எட்டு எட்டாக இரண்டு சட்டங்களில் உள்ளன. முன் சட்டம் தனியே திரும்பும். ஒவ்வொன்றின் விறைப்பு நீளம் 18 அடி 3 அங்குலம், எச்.ஓ.வில் 64 மி.மீ.

457 மி.மீ. வளைவில் கணக்குப் போட்டால் பிக் பாய்க்கு வெர்சைன் 1.1 மி.மீ. 4-12-2-க்கு 3.1 மி.மீ. எச்.ஓ. சக்கரத்தின் வழக்கமான அகலமே 2.8 மி.மீ.தான்! நடுச் சக்கரம் தண்டவாளத்தை விட்டே இறங்கிவிடும்.

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் குறைந்தபட்ச ஆரம் கிடைக்கும்: ஆ = நீ² ÷ (8 × வெ). நடு அச்சுகள் 1.5 மி.மீ. பக்கவாட்டில் நகரும்படி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிக் பாய்க்கு 341 மி.மீ. போதும். 4-12-2-க்கு 954 மி.மீ. வேண்டும். ஆக, மொத்த நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. விறைப்பு நீளம்தான் முக்கியம். அதுவும் வர்க்கமாக வருகிறது. விறைப்பு நீளம் இரண்டு மடங்கானால் ஆரம் நான்கு மடங்கு கேட்கும்.

4. வழிகள் என்ன?

அ) நடு அச்சுகளுக்குப் பக்கவாட்டில் ஆட்டம் விடுவது.

ஆ) நடுச் சக்கரங்களில் பிளாஞ்ச் எனும் விளிம்பை எடுத்துவிடுவது. சக்கரம் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொள்ளும். சக்கர அகலம் தாண்டாத வரை சரி.

இ) சட்டத்தையே இரண்டாகப் பிரிப்பது. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் அனடோல் மாலெட் 1884-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிக் பாயின் மூலம் இதுவே.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் திரும்பினால் மட்டும் போதாது. பிக் பாயின் நீண்ட கொதிகலனின் முன்பகுதி வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும். பக்கத்துப் பாதையையும் சிக்னல் கம்பத்தையும் தள்ளி வைக்காவிட்டால் இடிக்கும்.

5. நீங்களும் செய்து பாருங்கள்

ஆணியும் நூலும் கொண்டு அட்டையில் 457 மி.மீ. ஆரத்துக்கு ஒரு வில் வரையுங்கள். 107 மி.மீ. நீளத்துக்கு ஒரு அட்டைப் பட்டை வெட்டி, இரு முனைகளும் வில்லைத் தொடும்படி வையுங்கள். நடுவில் ஸ்கேலை வைத்தால் 3 மி.மீ. கண்ணுக்கே தெரியும். இனி எந்த எஞ்சினைப் பார்த்தாலும் திரும்பாத முதல் அச்சையும் கடைசி அச்சையும் அளந்து, வர்க்கம் போட்டு வகுத்துப் பாருங்கள். அதன் பிறகு பலகை வாங்கலாம்.

சூத்திரம் என்றாலே பயப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புரியாத பாடத்தை வீட்டில் ஒரு தடவை காட்டிப் பாருங்கள். அந்த வேலையைப் பெயர் தெரியாமலே செய்கிறவர்கள் அங்கே இருக்கக்கூடும்.

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு