மோட்டார் வண்டியிற் குளிர்கருவியும் எரிபொருட் செலவும்

உலகில் எந்நலனும் விலையின்றி வருவதில்லை. சில நலன்களின் விலை கண்ணுக்குப் புலனாகும். சிலவற்றின் விலை மறைந்து நிற்கும். மோட்டார் வண்டியினுள் நாம் துய்க்கும் குளிர்ச்சி இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது. சிறு பொத்தான் ஒன்றை அழுத்தியவுடன் தண்ணென்ற காற்று வீசுகின்றது. அதன்பொருட்டுத் தனியே காசு எதுவும் கொடுத்தோமில்லை. ஆயினும் திங்கள் இறுதியிற் பெட்ரோல் கணக்கை நோக்குவோர், "வண்டி ஓடிய தூரம் இவ்வளவே, எரிபொருள் இத்துணை எங்ஙனம் செலவாயிற்று?" என்று வியப்பதுண்டு. அவ்வியப்பிற்கு விடை காண்பதும், நாம் பெறும் குளிர்ச்சிக்கு யார் யார் விலை கொடுக்கின்றனர் என்பதை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் முதலிய ஊர்களில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. கத்தரி வெயிற் காலத்தில் இப்பகுதியின் வெம்மையை அறியாதார் இலர். 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 டிகிரி அளவை எட்டிற்று. அவ்வெம்மையோடு கடலை அடுத்த நாட்டிற்குரிய புழுக்கமும் சேர்கின்றது. ஜி.எஸ்.டி. சாலையில் மாலை வேளையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்லுங்கால், கண்ணாடியைத் திறப்பின் புகையும் தூசியும் புகுகின்றன. மூடினாலோ மூச்சு முட்டுகின்றது. ஆதலின் குளிர்கருவியைப் பலரும் நாடுதல் இயல்பே.

கருவியின் வரலாறும் இயல்பும்

அமெரிக்க நாட்டின் பேக்கார்டு நிறுவனத்தார் 1939-ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டிகளுக்குக் குளிர்கருவி பொருத்தித் தர முன்வந்தனர். அக்கருவி வண்டியின் பின்புறப் பெட்டியிற் பெரும்பகுதியை அடைத்துக் கொண்டது. அதனை நிறுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. எஞ்சினை நிறுத்தி, கீழிறங்கி, தோல்வாரைக் கையாற் கழற்ற வேண்டியிருந்தது. குளிர்ச்சியின் விலை எஞ்சினிலிருந்தே பெறப்படுகின்றது என்பதை அக்காலத்தார் தம் கைகளாலேயே அறிந்திருந்தனர். இக்காலத்தில் அவ்வார் மூடிக்குள் மறைந்து கிடத்தலின், அவ்வுண்மையும் நம் நினைவினின்று மறைந்துபோயிற்று.

கருவி தொழிற்படும் முறையைச் சுருங்கக் கூறுவாம். மண்பானையினின்று கசியும் நீர் ஆவியாகும்பொழுது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. நீர்மப் பொருள் ஆவியாங்கால் வெப்பத்தை ஏற்கும். ஆவி மீண்டும் நீர்மமாங்கால் அவ்வெப்பத்தை வெளியிடும். இவ்வொரு விதியே குளிர்கருவிக்கு அடிப்படை. வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னுள்ள குழாய்ச் சுருளில், எளிதில் ஆவியாகும் ஒரு பொருள் ஆவியாகி உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை உண்கின்றது. அவ்வாவியைக் கம்ப்ரஸர் என்னும் அமுக்குபொறி இழுத்து, அழுத்தத்தை மிகுவித்து, வண்டியின் முன்புறமுள்ள கண்டென்ஸர் என்னும் சுருளுக்குச் செலுத்துகின்றது. ஆங்கு அது வெளிக்காற்றிற்கு வெப்பத்தைக் கொடுத்து நீர்மமாகின்றது. பின்னர் ஒரு குறுகிய துவாரத்தின் வழியே அழுத்தம் தணிந்து உட்சுருளை அடைந்து, மீண்டும் ஆவியாகின்றது. இச்சுழற்சி இடையறாது நிகழ்வதற்குக் கம்ப்ரஸர் சுழலவேண்டும். பெட்ரோல், டீசல் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் அதனைச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சினுக்கு உணவு எரிபொருளே.

ஈண்டு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, குளிர்கருவி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் பெயர்க்கின்றது. உள்ளிருந்து எடுத்த வெப்பமும், அதனை எடுப்பதற்கு எஞ்சின் செய்த வேலையின் வெப்பமும் சேர்ந்து தெருவிற் கொட்டப்படுகின்றன. இரண்டாவது, நம் பகுதியின் புழுக்கம் கருவியின் சுமையைப் பெருக்குகின்றது. குளிர்கருவி இயங்கும் வண்டியின் அடியிலிருந்து நீர் துளித்துளியாய்ச் சொட்டுவதைக் காணாதார் இலர். அது காற்றிலிருந்த ஈரம். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் அவ்வாறு சொட்டுமாயின், அவ்வீரத்தை நீராக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 0.67 கிலோவாட் அளவில் வெப்பத்தை இடையறாது அகற்றவேண்டும். காற்றைக் குளிர்விப்பது வேறு. காற்றை உலர்த்துவது வேறு. வறண்ட நாட்டுக் குளிர்கருவி பெரும்பாலும் முன்னதை மட்டும் செய்ய, நம் நாட்டுக் கருவி இரண்டையும் செய்கின்றது.

நேரத்திற்குரிய கூலி

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி. எஞ்சின் அதில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றவல்லது எனக் கொண்டால், நமக்குக் கிடைப்பது சற்றொப்ப 2.2 கிலோவாட்-மணி. குளிர்கருவி தொடக்கத்தில் மிகுதியாகவும், வண்டி குளிர்ந்தபின் விட்டுவிட்டும் இயங்குதலின், சிறு வண்டியொன்றில் அதன் சராசரித் தேவையை 1 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அங்ஙனமாயின் ஒரு மணி நேரக் குளிர்ச்சியின் விலை ஏறத்தாழ 0.45 லிட்டர் பெட்ரோல் ஆகின்றது.

இக்கணக்கில் "ஒரு மணி நேரம்" என்றதனைக் கவனிக்க. "இத்தனை கிலோமீட்டர்" என்று கூறினோமல்லேம். வண்டி ஓடினும் நிற்பினும் குளிர்கருவி தன் கூலியைக் கேட்கும். அது தூரத்தை எண்ணுவதில்லை, காலத்தையே எண்ணுகின்றது. இக்கட்டுரையின் உயிர்நிலையான கருத்து இதுவே.

இதனை இரு பயணங்களால் விளக்குவோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலையில் ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 15 கிலோமீட்டர் செல்கின்றார். கால் மணி நேரம் ஆகின்றது. குளிர்கருவியின்றி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டி அது எனின், பயணத்திற்கு 0.83 லிட்டர் வேண்டும்; குளிர்ச்சிக்கு 0.11 லிட்டர் கூடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்ற அளவிற்கு வண்டியின் திறன் குறைகின்றது. மற்றொருவர் அதே வண்டியில் ஜி.எஸ்.டி. சாலை வழியே தாம்பரத்திலிருந்து கிண்டி நோக்கி அதே 15 கிலோமீட்டரை மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்திற் கடக்கின்றார். நின்றும் நகர்ந்தும் செல்வதால் குளிர்கருவியின்றியே லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆகவே பயணத்திற்கு 1.25 லிட்டர், குளிர்ச்சிக்கு 0.45 லிட்டர். இப்பொழுது லிட்டருக்கு 9 கிலோமீட்டர்கூட நிறைவதில்லை. முன்னவர்க்கு இழப்பு எட்டில் ஒரு பங்கு. பின்னவர்க்கு நான்கில் ஒரு பங்கு. தூரம் ஒன்றே, வண்டி ஒன்றே, கருவியும் ஒன்றே. காலம் ஒன்றே வேறு.

இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆயினும் இவை வெறும் கற்பனையல்ல. மிகு வெப்ப நாட்களிற் குளிர்கருவியால் எரிபொருட் சிக்கனம் 25 விழுக்காட்டிற்கு மேலும் குறையக்கூடும் என்றும், குறுந்தூரப் பயணங்களில் இழப்பு மிகுதி என்றும் அமெரிக்க எரிசக்தித் துறையினர் கூறுகின்றனர். மேலும், இந்நாட்டில் வண்டிகளின் 'மைலேஜ்' அளவு நெடுங்காலமாகக் குளிர்கருவியை இயக்காத நிலையிற் சோதித்தே அறிவிக்கப்பட்டு வந்தது. விளம்பரத்திற் கண்ட எண் நம் சாலையிற் கிட்டாமைக்கு இஃது ஒரு காரணமாகும்.

கண்ணாடியைத் திறப்பது நன்றா?

"கண்ணாடியைத் திறந்துவைத்தால் காற்று மோதி வண்டியைத் தடுக்கும், ஆதலின் குளிர்கருவியே சிக்கனம்" என்று சிலர் உரைப்பர். இவ்வுரை ஓரிடத்தில் மெய், பிறிதோரிடத்திற் பொய். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்; அதனை வெல்ல வேண்டிய திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். வேகம் மூன்று பங்கானால் திறன் இருபத்தேழு பங்கு வேண்டும். சிறு வண்டியொன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் காற்றை வெல்லச் செலவிடுவது கால் கிலோவாட் அளவே. கண்ணாடியைத் திறப்பதால் அது பத்தில் ஒரு பங்கு மிகுமென்று கொண்டாலும் அம்மிகுதி 0.025 கிலோவாட், குளிர்கருவியின் 1 கிலோவாட்டிற்கு முன் அது பொருட்படுத்தத் தக்கதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலோ, காற்றை வெல்ல 9 கிலோவாட் வேண்டும். அதிற் பத்தில் ஒரு பங்கு 0.9 கிலோவாட். ஆங்கு இரண்டும் ஏறத்தாழ ஒத்து நிற்கின்றன. எனவே, செங்கற்பட்டைக் கடந்து தெற்கே விரைவோர் கண்ணாடியை மூடிக் குளிர்கருவியை இயக்குதல் தகும். முடிச்சூர்ச் சாலையிலும் வேளச்சேரிச் சாலையிலும் மெல்லச் செல்வோர், காலையிலும் இரவிலும் காற்று இனிதாயிருக்கும்பொழுது, கண்ணாடியைத் திறந்து செல்வதே சிக்கனம்.

சிக்கன வழிகள்

மேற்கூறிய இயல்புகளை உணர்ந்தோர்க்குச் சிக்கன வழிகள் தாமே விளங்கும், எனினும் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, நிழல். வெயிலில் மூடிக் கிடந்த வண்டியின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தினும் 20 டிகிரி மிகுதலுண்டு. புளிய மரத்தின் நிழலோ வேப்ப மரத்தின் நிழலோ கருவியின் பாதிச் சுமையைத் தொடங்குமுன்னரே இறக்கிவிடும். இவ்வெப்பம் காரணமாகவே குழந்தைகளை மூடிய வண்டியிற் சிறிது நேரமும் தனியே விட்டுச் செல்லலாகாது.

இரண்டாவது, புறப்படுமுன் கதவுகளைத் திறந்துவைத்து, முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடியையும் இறக்கி ஓட்டுக. உள்ளிருக்கும் கொதிகாற்றை வெளியேற்றுவதற்குப் பெட்ரோல் வேண்டா, வெளிக்காற்றே போதும்.

மூன்றாவது, வண்டி குளிர்ந்தபின் உட்காற்றையே சுழலவிடும் பொத்தானைப் பயன்படுத்துக. வெளியினின்று வரும் ஈரக்காற்றை ஓயாது உலர்த்தும் வேலை மிஞ்சும். ஆயினும் பலர் அமர்ந்து நெடுநேரம் செல்லுங்கால் இடையிடையே புதுக்காற்றையும் விடுதல் வேண்டும். இல்லையேல் மூச்சுக்காற்று தேங்கி ஓட்டுநர்க்கு மயக்கமும் உறக்கமும் வரும்.

நான்காவது, வேண்டுமளவு குளிர்ச்சி பெற்றபின் அதனினும் குளிரத் தேடற்க. தானே வெப்பநிலையைக் காக்கும் கருவியாயின் 24 அல்லது 25 டிகிரியில் வைக்கலாம். கையால் திருப்பும் கருவியிலோ ஒரு நுட்பமுண்டு. அதன் குமிழை வெப்பப் பக்கம் திருப்பினால் பல வண்டிகளிற் கம்ப்ரஸர் ஓய்வதில்லை. எஞ்சினின் வெப்பம் குளிர்காற்றோடு கலக்கப்படுகின்றது. செலவு குறையாது. அவ்வகை வண்டிகளிற் பொத்தானை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிடுதலே நன்று. வீடு சேர்வதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னும் இங்ஙனமே செய்யலாம்.

ஐந்தாவது, முன்சுருளிற் படிந்த தூசியையும் உட்காற்றை வடிகட்டும் தாளையும் உரிய காலத்தில் தூய்மை செய்விக்க. வாயுக் கசிவு இருப்பின் உடனே அடைப்பிக்க. பல வண்டிகளிலுள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்கிற்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது.

ஆறாவது, நிலைய வாயிலிலும் பள்ளி வாயிலிலும் பிறர் வரவை நோக்கிக் காத்திருப்போர், எஞ்சினை ஓடவிட்டுக் குளிர் காய்தலைத் தவிர்க்க. அப்பொழுது கடந்த தூரம் சுழி, செலவோ சுழியன்று. மூடிய கொட்டகையில் அவ்வாறு செய்தல் நச்சுவாயுவால் உயிருக்கே இறுதி தேடுவதாகும்.

தேவையும் அருளும்

இவ்வாறு கூறியதனாற் குளிர்கருவியை ஆடம்பரமென்று இகழ்ந்தோம் என எண்ணற்க. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அஃது ஆடம்பரமன்று. மழையிற் கண்ணாடி மங்குங்கால் வழி காட்டுவதும் அதுவே. வெம்மையால் தளர்ந்த ஓட்டுநர் தமக்கும் பிறர்க்கும் கேடு விளைவிக்கக்கூடும். இதனைக் கருதியே 2025-ஆம் ஆண்டு முதல் உற்பத்தியாகும் நடுத்தர, பெரிய சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்கருவி வேண்டுமென்று இந்திய அரசு விதித்தது. நாள் முழுதும் எஞ்சினின் அருகே வெந்திருந்த உழைப்பாளர்க்கு இஃது உரிய நீதியேயாகும்.

ஆயினும், பல்லாவரம் சந்திப்பிற் சிவப்பு விளக்கின்முன் நிற்கும் கூட்டத்தைச் சிறிது நோக்குக. மூடிய வண்டியினுள் ஒருவர் தண்ணென்று அமர்ந்திருக்கின்றார். அவர் வண்டி வெளியிற் கொட்டும் வெப்பத்தை, பக்கத்தில் இருசக்கர வண்டியில் நிற்பவரும், பேருந்தின் படியில் நிற்பவரும், நடைபாதையிற் பூ விற்பவரும் ஏற்கின்றனர். பெட்ரோலின் விலையை உள்ளிருப்பவர் கொடுக்கின்றார். வெம்மையின் விலையை வெளியிலிருப்பவர் கொடுக்கின்றனர். மணிக்கு 0.45 லிட்டர் பெட்ரோல் எரியுங்கால் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு எழுகின்றது; அதன் விலையை இனிப் பிறப்போர் கொடுப்பர். அன்றியும், இந்நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் பிறநாடுகளினின்று வாங்குகின்றது. ஆதலாற் சிக்கனம் தன் பையைக் காப்பது மட்டுமன்று. பிறர்மாட்டு நாம் கொள்ளும் அருளுமாகும்.

குளிர்கருவி காலத்திற்குக் கூலி கேட்பதாயின், சாலையிற் கழியும் காலத்தைக் குறைப்பதே தலையாய சிக்கனம். தாம்பரத்தார்க்கு அதற்குரிய வழி நெடுநாளாகவே உண்டு. 1931-ஆம் ஆண்டு முதற் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடி வருகின்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதே தடத்தில் செங்கற்பட்டுவரை குளிரூட்டப்பட்ட ரயிலும் ஓடத் தொடங்கிற்று. ஒருவருக்காக ஒரு கருவி என்பது போய், ஆயிரவர் ஒரு குளிர்ச்சியைப் பகிர்ந்து கொள்ளும் முறை அது. வண்டியை எடுத்தே தீரவேண்டிய நாளில் எடுப்போம். அந்நாளிலும் பொத்தானை அழுத்துமுன் தூரத்தை எண்ணாது காலத்தை எண்ணுவோம்.