டாரதி டே அம்மையார்

ஆலயம் செல்வோருக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 2015-ல் அமெரிக்கக் காங்கிரசில் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், நான்கு அமெரிக்கரைப் போற்றினார். அவருள் ஒருவர் டாரதி டே அம்மையார்.

இடதுசாரிப் பத்திரிகையாளரான அவர் 1927-ல் கத்தோலிக்கரானார். பழைய தோழர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1933 மே தினத்தன்று நியூயார்க்கில், தொழிலாளர் கூடிய யூனியன் சதுக்கத்தில், அவருடைய 'கத்தோலிக்கத் தொழிலாளி' இதழ் வெளிவந்தது. ஏழையும் வாங்கவேண்டுமே! விலை ஒரு சென்ட்தான். வேலையற்றோருக்கு உணவும் தங்க இடமும் தரும் இல்லங்களையும் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரை எதிர்த்தபோது வாசகர் பலர் விலகினர், அவர் மாறவில்லை. இந்தப் பிடிவாதமே என்னைக் கவர்ந்தது.

1973-ல், 75 வயதில், கலிபோர்னியாத் தோட்டத் தொழிலாளரின் மறியலில் கலந்துகொண்டு கைதானார். சிறையில் அவருடன் கன்னியர் பலரும் இருந்தனர்.