எருமைத் தயிருக்கேற்ற பாத்திரங்கள்: புதிதாகத் தொடங்குவோர்க்கு

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு எருமைத் தயிரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கே மாதவணை, மயிலத்தமடு முதலிய மேய்ச்சற்றரைகளில் நிற்கும் பட்டிகளின் பாலும், வாவிக்கரையை அடுத்த வயல்வெளிகளில் மேயும் எருமைகளின் பாலும் சட்டித் தயிராகி, மட்டக்களப்பின் பெயரோடு பல ஊர்களுக்குச் செல்கின்றன. எனினும், ஓரிரு எருமைகளை மட்டும் வைத்திருப்போர் பாலைப் பாலாகவே விற்றுவிடுகின்றனர். அவர்களுட் சிலர் இப்பொழுது தாமே தயிர் உறைய வைத்து விற்க முற்படுகின்றனர். இவர்கள் முதற்கண் கேட்கும் கேள்வி, "எந்தப் பாத்திரத்தை வாங்குவது?" என்பதே.

கேள்வி சிறிதாயினும் அதன் விடையில் ஒரு குடும்பத்தின் வருவாய் தங்கியுள்ளது. மேய்ச்சலை மட்டும் நம்பி நிற்கும் நாட்டெருமை நாளொன்றுக்குத் தருவது ஓரிரு இலீற்றர் பாலே. ஐந்து சட்டித் தயிர் கெட்டுப் போனால், மூன்று நான்கு எருமைகளின் அன்றைய பால் முழுவதும் வீணாயிற்று என்பது பொருள். நல்ல பாலும் நல்ல உறைமோரும் இருந்தும், பாத்திரம் பொருந்தாமையால் தயிர் நீர்த்துப் போவதும், களிம்பு நாற்றம் வீசுவதும், நூல்போல் இழுபடுவதும் உண்டு. ஆகவே பணத்தைச் செலவிடுமுன் பாத்திரங்களின் இயல்பை அறிந்து கொள்ளுதல் நன்று.

பாலைத் தயிராக்குவது நொதித்தல் எனும் செயலாகும். உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை இலற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஓரளவு மிகுந்ததும், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் ஒன்றோடொன்று பற்றிக் கட்டியாகின்றது. எருமைப் பாலில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் வரை கொழுப்பு உண்டு. பசுப்பாலில் அது 4 வீதமளவே. புரதமும் எருமைப் பாலிலேயே மிகுதி. சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது நிற்பதற்கு இதுவே காரணம். இந்நுண்ணுயிர்களுள் ஒன்றை 1905 ஆம் ஆண்டு பல்கேரிய நாட்டு மருத்துவ மாணவரான ஸ்தாமென் கிரிகோரொவ் என்பவர், செனீவா நகரில் இருந்தபொழுது தம் நாட்டுத் தயிரிலிருந்து கண்டறிந்தார். இவ்வகை நுண்ணுயிர்களுக்கு மிகவும் உவப்பானது 40 முதல் 45 பாகை செல்சியசு வரையிலான இளஞ்சூடு. தயிருக்கான பாத்திரங்கள் யாவும் இவ்விரண்டையே கருதித் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும்: புளிப்பைத் தாங்குதல், சூட்டைக் காத்தல்.

காய்ச்சும் பாத்திரம்

புதிதாகத் தொடங்குவோர் தயிர்ச் சட்டிகளைப் பற்றியே எண்ணுகின்றனர். பால் காய்ச்சும் பாத்திரத்தை மறந்துவிடுகின்றனர். எமது கருத்தில், கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு இதற்கே செலவாதல் வேண்டும். பாலை 85 பாகை வரை சூடாக்கி, 20 முதல் 30 நிமிடம் அச்சூட்டில் வைத்திருந்தால் தீய நுண்ணுயிர்கள் மடிவதோடு, மோர்நீரிற் போகும் புரதங்களும் கேசீனோடு சேர்ந்து தயிரை இறுக்கமாக்கும். மெல்லிய அடியுடைய பாத்திரத்தில் இவ்வளவு நேரம் காய்ச்சினால் பால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாடை எச்சட்டியில் ஊற்றினும் நீங்காது.

தடித்த அடியுடைய எவர்சில்வர்ப் பாத்திரம் சிறந்தது. அதற்கு வசதியில்லாதோர் தடித்த அலுமினியப் பாத்திரத்திலும் காய்ச்சலாம். புதிய பாலில் புளிப்பு மிகக் குறைவாதலால் அலுமினியம் அதில் எளிதிற் கரைவதில்லை. ஆனால் அதிலேயே உறைமோரை இட்டு இரவு முழுவதும் வைத்திருத்தல் ஆகாது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும், நாகமுலாம் பூசிய வாளிகளும் தயிர் வேலைக்கு முற்றாக விலக்கத் தக்கவை. எப்பாத்திரமாயினும் அதனை நீருள்ள பெரிய பாத்திரமொன்றினுள் இறக்கி வைத்துக் காய்ச்சினால் அடிப்பிடிக்கும் அச்சமில்லை. விறகும் நேரமும் சற்றுக் கூடுதலாகும், ஆயினும் இழப்பில்லை.

மட்சட்டி

உறைய வைப்பதற்கு மட்சட்டிக்கு நிகரானது இதுவரை எமக்குத் தென்படவில்லை. மெருகிடாத மண்ணின் நுண்டுளைகள் தயிரிலுள்ள நீரில் ஒரு பகுதியை உறிஞ்சி, வெளிப்புறத்தே ஆவியாக விடுகின்றன. அதனால் தயிர் இறுகும். ஆவியாகும் நீர் சூட்டைக் கவர்வதால் உறைந்தபின் சட்டியும் குளிர்ந்திருக்கும். இதனை ஐயுறுவோர், பால் ஊற்றிய சட்டியை மாலையில் ஒருமுறையும் மறுநாட் காலையில் ஒருமுறையும் நிறுத்துப் பார்ப்பாராக. எடை குறைந்திருக்கும். குறைந்தது நீரேயன்றித் தயிரன்று.

ஆயினும் எல்லாச் சட்டிகளும் ஒரு தன்மையன அல்ல. சட்டியை வாங்கும்போது விரற்கணுவாற் சுண்டிப் பார்த்தல் வேண்டும். நன்கு சுடப்பட்டு, வெடிப்பின்றி இருப்பது கணீரென ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பதில் வெடிப்பு இருக்கும், அல்லது சூளையிற் சூடு போதாதிருக்கும். உட்புறத்தை ஈர விரலாற் தேய்த்துப் பார்க்கவும். சிவந்த சேறு விரலில் ஒட்டுமாயின் அது பாலிலும் கரையும். குயவரிடம் உடைந்த ஓடொன்று கிடைக்குமாயின் அதன் நடுப்பகுதியை நோக்குக. தடித்த கரிய படை காணப்படின் உள்வரை நன்றாக வேகவில்லை என்று கொள்ளலாம். விளிம்பு ஒரே மட்டமாக இருத்தலும் இன்றியமையாதது. மேடு பள்ளமான விளிம்பைக் கட்டி மூடினால் எறும்பும் பூஞ்சண வித்தும் புகும்.

நூறு சட்டிகளை ஒருமிக்க வாங்குமுன் பத்துச் சட்டிகளை வாங்கி, நீர் நிரப்பி ஓரிரவு வைத்துப் பார்த்தல் புத்தியாகும். வெளிப்புறம் ஈரங்கசிதல் இயல்பு. சொட்டுச் சொட்டாக வடிவதும், அடியில் நீர் தேங்குவதும் குற்றம். அளவுக்கு மீறி உறிஞ்சும் சட்டியில் தயிர் ஓரத்தை விட்டுச் சுருங்கி வெடிக்கும். வாங்குவோர் அதைப் பழந்தயிர் என்று கருதி ஒதுக்குவர்.

சட்டியைக் கழுவுவதற்குச் சவர்க்காரம் ஆகாது. நுண்டுளைகளிற் புகுந்த சவர்க்காரம் பின்னர் தயிரில் ஊறும். தென்னந்தும்பும் நன்னீருமே போதுமானவை. இங்கு ஓர் எச்சரிக்கை: வாவியை அண்டிய கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பாயுள்ளது. அந்நீரிற் கழுவிக் காயவைத்த சட்டியின் மேல் வெண்மையான உப்புப் பொடி பூக்கும், சுவையும் மாறும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களையும் உவர்நீர் அரித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். ஆதலால் இறுதிக் கழுவலையேனும் காய்ச்சிய நன்னீரிற் செய்க. பின்பு நல்ல வெயிலில் உலர்த்தி, பால் ஊற்றுமுன் சட்டியைச் சிறிது நேரம் தணல்மேற் கவிழ்த்துச் சூடாக்குதல் பழைய வழக்கம். இது வெறும் சம்பிரதாயமன்று. எஞ்சிய நுண்ணுயிர்கள் மடிவதோடு, ஊற்றும் பாலின் சூட்டைக் குளிர்ந்த சட்டி கவர்ந்துவிடாமலும் அது காக்கின்றது.

பளபளப்பான வண்ண மெருகிட்ட மட்பாண்டங்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். குறைந்த சூட்டிற் சுடப்படும் சில மெருகுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். புளிப்பான உணவு அந்த ஈயத்தைக் கரைக்கும். ஈயத்திற்கு நிறமில்லை, நாற்றமில்லை. உடலிற் சேரச் சேரச் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அழகு கருதி இத்தகைய சாடிகளைத் தயிருக்குப் பயன்படுத்துவது பெருந்தவறு. உணவுக்கென உறுதியளிக்கப்பட்ட பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இக்குற்றம் இல்லை. அவற்றில் வீட்டுத் தேவைக்குத் தயிர் உறைய வைக்கலாம். ஆனால் அவை நீரை உறிஞ்சா ஆதலால் மேலே மோர்நீர் தெளிந்து நிற்கும். பிளாத்திக்குக் கோப்பைகளுக்கும் இது பொருந்தும். அவை பாரமற்றவை, உடையாதவை, குளிர்சாதனப் பெட்டியில் அடுக்க எளியவை. உணவுக்கென ஆக்கப்பட்ட புதியவற்றையே வாங்குதல் வேண்டும். பெயின்ற் வாளியையோ உரவாளியையோ எத்தனை முறை கழுவினும் அது தயிர்ப் பாத்திரமாகாது.

தயிரை மூடுவதிலும் கவனம் வேண்டும். கள்ளும் பிற மதுவகைகளும் நொதிக்கையில் வாயு வெளிப்படுவதால் அவற்றின் கலன்களை இறுக அடைத்தால் வெடித்துவிடும். வினாகிரிக்கோ காற்றுப் படுதல் கட்டாயம். தயிர் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அதனை உறைய வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டுவதில்லை, வாயுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே நன்றாக மூடலாம். தயிரில் குமிழிகளும் துளைகளும் காணப்பட்டால் வேற்று நுண்ணுயிர்கள் புகுந்துவிட்டன என அறிந்து, அதனை விற்காது கொட்டிவிடுக. அதிலிருந்து உறைமோர் எடுத்தலும் ஆகாது. மூடுவதற்குச் செய்தித்தாளைப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அச்சுமை ஈரத்தில் ஊறித் தயிரிற் படியும். சுத்தமான வெண்தாளோ, அனலில் வாட்டிய வாழையிலையோ போதும்.

சூடும் வெப்பமானியும்

சட்டி நல்லதாயிருந்தும் சூடு பொருந்தாவிடில் பயனில்லை. பால் 42 பாகைக்கு ஆறியதும், இலீற்றருக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர் வரை உறைமோர் கலந்து சட்டிகளில் ஊற்றுதல் வேண்டும். 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நுண்ணுயிர்களின் வளர்ச்சி குன்றும். இன்னும் கூடினால் அவை மடியும். மிகக் குளிர்ந்துவிட்டால் உறைதல் தாமதித்து, வேண்டாத நுண்ணுயிர்கள் இடம்பிடிக்கும். அனுபவமிக்க பெண்கள் சுண்டுவிரலாலேயே சூட்டை அறிவர். அவ்வறிவை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் புதியவரின் விரலுக்கு அப்பழக்கம் இல்லை. உணவுக்கான வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு மாதம் வரை விரலையும் வெப்பமானியையும் ஒருங்கே பயன்படுத்தினால் விரலும் கற்றுக்கொள்ளும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பாலில் இடவே கூடாது. அது 42 பாகையளவிற்கே அமைந்தது. சூடான பாலில் வெடித்து, உள்ளிருக்கும் இரசம் பாலிற் கலந்துவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்துச் சாக்கினால் மூடிவிட்டாலே காலைக்குள் தயிர் உறைந்துவிடும். மாரியில் அவ்வாறன்று. கார்த்திகை, மார்கழி மழையிரவுகளில் ஓர் இலீற்றர்ச் சட்டி விரைவிற் குளிர்ந்துவிடும். பெரிய சட்டியோ நெடுநேரம் சூட்டைக் காக்கும். ஆகையால் மாரிக்கு ஒரு பெட்டி தேவை. மரப்பெட்டியொன்றில் உலர்ந்த வைக்கோலை அல்லது உமியை அடைத்து, நடுவே சட்டிகளை வைத்து, மேலே சாக்கிட்டு மூடலாம். மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் றெஜிபோம் பெட்டி இதனினும் மேலானது. ஆனால் மீன் வைத்த பழைய பெட்டியை மலிவென்று வாங்காதீர்கள். அந்நாற்றம் பெட்டியை விட்டு நீங்குவதில்லை, தயிர் அதனை உடனே பற்றிக்கொள்ளும். சூடு குறையாதிருப்பின் 4 முதல் 6 மணித்தியாலத்தில் தயிர் உறைந்துவிடும். உறைந்தபின் பெட்டியில் விட்டுவைத்தால் புளித்துப் போகும். உடனே வெளியே எடுத்து, நிழலான குளிர்ந்த இடத்திலோ உறியிலோ வைத்தல் வேண்டும்.

நாளொன்றுக்கு 5 இலீற்றர் பாலோடு தொடங்குவோருக்குத் தேவையானவை இவ்வளவே: 8 இலீற்றர் கொள்ளும் தடித்த அடியுடைய பாத்திரம் ஒன்று, அதனை இறக்கி வைக்கும் பெரிய பாத்திரம் ஒன்று, அகப்பை, வடிதுணி, வெப்பமானி, பெட்டி, சட்டிகள். பெரிய பாத்திரமும் பெட்டியும் வீட்டிலிருப்பவற்றைக் கொண்டே அமையும். மின்சாரத்தால் இயங்கும் உறைகருவிகளை விற்பனையாளர் பரிந்துரைப்பர். நாளுக்கு 50 இலீற்றரை எட்டும்வரை அவற்றைப் பற்றி எண்ண வேண்டுவதில்லை.

ஒருமுறை பயன்படுத்திய சட்டியில் மீண்டும் தயிர் ஊற்றி விற்றல் தகாது. நுண்டுளைகளுட் புகுந்த பாற்கொழுப்பு சிக்குப் பிடித்து, அடுத்த தயிரின் மணத்தைக் கெடுக்கும். நோன்புக் காலத்திலும் பெருநாட்களிலும் சட்டிக்குத் தட்டுப்பாடு வருவதால் பலர் பழையவற்றையே நாடுகின்றனர். இரண்டு மாதம் முன்னதாகவே குயவரிடம் சொல்லி வைத்தால் அந்நிலை நேராது. திரும்பி வரும் பழைய சட்டிகளின் அடியில் துளையிட்டு, எருவும் மணலும் கலந்த மண்ணை நிரப்பி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வளர்க்கலாம். சட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாகி மண் விரைவிற் காய்ந்துவிடுவதால், கோடையில் காலையில் ஒருமுறை மட்டும் நீர் ஊற்றினால் நாற்று வாடக்கூடும்.