திருக்கரத்துக்கு மீளும் படை
(கோணமாமலைச் சூழலில் தெய்வப் படைக்கலங்களின் உட்பொருள்)

நம் திருக்கோயில்களில் எழுந்தருளியுள்ள மூர்த்திகளுள் படைக்கலம் ஏந்தாதார் மிகச் சிலரே. சிவபெருமான் திருக்கரத்தில் மழுவும் சூலமும், திருமால் கரத்தில் சக்கரமும் கதையும், விநாயகர் கரத்தில் பாசமும் அங்குசமும், முருகப்பெருமான் கரத்தில் வேலும் விளங்குகின்றன. அம்மையின் பல கரங்களிலோ பல படைகள். அருளே வடிவான கடவுளுக்கு ஆயுதம் எதற்கு என்னும் வினா மாணவர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவை யாவும் குறியீடுகள் என்று ஒரு சொல்லால் விடையிறுத்து அமைதல் எளிது. எதனைக் குறிக்கின்றன என்பதே ஆராயத்தக்கது. அதனை நம் திருகோணமலைச் சூழலில் வைத்து ஈண்டு ஒருவாறு ஆராய முற்படுவாம்.

இவ்வினா நம் ஊரார்க்கு மிகவும் நெருக்கமானது. உலகத்துச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம்முடையது. அச்சிறப்பே படைகளை இங்கே அழைத்து வந்தது. 1620-களின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. பின்னர் நம் நாட்டுள்ளேயே மூண்ட போர் 2009 வரை நீடித்தது. ஆதலின் ஆயுதம் என்பது நமக்குப் புராண ஏட்டில் மட்டும் கண்ட பொருளன்று. கோட்டையைக் கடந்தே கோயிலுக்குச் செல்லும் மக்கள் நாம். கோட்டையிலிருந்த படைக்கும் கோயிலிலுள்ள படைக்கும் வேறுபாடு யாது என்று தெளிதல் நமக்குக் கடனாகின்றது.

மழுவும் சூலமும்

சைவ நூலார் சூலத்தின் மூன்று தலைகளுக்கும் பலவாறு பொருள் உரைப்பர். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சத்திகள் என்பாரும், படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தொழில்கள் என்பாரும் உளர். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களை அறுப்பது என்பதும் ஒரு விளக்கம். முப்புரம் எரித்த கதைக்கும் திருமூலர் மும்மலங்களையே பொருளாகக் காட்டினார். அக்கதையிற் பிறிதொரு நயமும் உண்டு. மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் திருமாலை அம்பாகவும் தேவர்கள் அமைத்துக் கொடுத்தும், இறைவன் அவற்றைக் கையாளாது புன்முறுவலாலேயே புரங்களை எரித்தான் என்பர். படை கையிலிருந்தும் வேண்டப்படாமை அங்கே புலனாகின்றது.

தாருகாவனத்து முனிவர் வரலாறும் இக்கருத்தினதே. வேள்வித் தீயினின்று அவர்கள் புலியையும் மானையும் மழுவையும் பாம்பையும் இறைவன்மேல் ஏவினர். இறைவன் புலித்தோலை உடுத்தான், பாம்பை அணிந்தான், மழுவையும் மானையும் கைகளில் ஏந்தினான். கொல்ல வந்தவை கோலமாயின. 1950-இல் நம் நகரத்தில் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்ட கோணேசர் கோயில் திருவுருவங்களுள் சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் உளர். இவ்வடிவங்களின் மேற்கரங்களில் மழுவும் மானும் அமைதல் சிற்பநூல் மரபு. மழு வெட்டும் இரும்பு; மான் அஞ்சும் உயிர். ஒருவன் இரு கைகளிலும் இவ்விரண்டும் பகையின்றி அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. பகைப்படைக்கு அஞ்சி மண்ணுட் புதைக்கப்பட்ட அத்திருவுருவங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து வெளிவந்தன. கோயிலும் புதிதாக எழுந்து 1963-இற் குடமுழுக்குக் கண்டது.

வேல்

வேல் பழந்தமிழர் கையாண்ட மெய்யான போர்க்கருவி. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று இருவேறு படைக்கலக் கொட்டில்களை ஒப்பிட்டுக் கூறியதைப் புறநானூறு கற்றார் அறிவர். ஒன்றிலே படைகள் பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசப்பெற்று அழகாய் இருந்தன. மற்றதிலே பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்திற் கிடந்தன. கோயிலில் உள்ள வேல் இவ்விரண்டிலும் அடங்காதது. அது வெறும் ஒப்பனைக்கு வைத்ததுமன்று, குருதியால் மழுங்கியதுமன்று. அதனை ஞானசத்தி என்பர் ஆன்றோர். அறிவு அகன்றும் ஆழ்ந்தும் கூர்த்தும் இருத்தல் வேண்டும் என்பதனை அதன் அகன்ற இலையும் நீண்ட காம்பும் கூரிய நுனியும் உணர்த்தும்.

ஈழத்துத் தமிழர் வேலுக்கு அளித்த இடம் தனிச்சிறப்புடையது. நல்லூரிலும் செல்வச்சந்நிதியிலும் கருவறையில் வழிபடப்பெறுவது வேலே. நம் மாவட்டத்துத் தென்னெல்லையில், மாவலி கங்கையின் கிளையாற்றங்கரையில் அமைந்த வெருகற்பதியிலே பெருமான் சித்திரவேலாயுதர் என்னும் திருநாமம் பூண்டுள்ளார். படையின் பெயரே கடவுளின் பெயராயிற்று. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் அப்பெருமான்மீது 'வெருகற் சித்திரவேலாயுதர் காதல்' என்னும் நூலை இயற்றினார். வேலாயுதரைப் பாட வந்த புலவர் போரைப் பாடாது காதலைப் பாடியமை கருதத்தக்கது. செல்வச்சந்நிதியினின்று கதிர்காமத்துக்கு வேலேந்தி நடந்து செல்லும் அடியார் கூட்டம் திருகோணமலையையும் வெருகலையும் கடந்தே தெற்கு நோக்கிச் செல்கின்றது. அவ்வேலைக் கண்டார் ஒருவரும் அஞ்சி ஒதுங்குவதில்லை, முன்வந்து வணங்குகின்றனர்.

இதற்குரிய காரணத்தைக் கந்தபுராணத்திற் காண்கின்றோம். சூரபன்மன் மாமரமாய் நின்றபோது வேல் அதனை இரு கூறாக்கிற்று. இரு கூறும் சேவலும் மயிலுமாகி எதிர்த்து வந்தன. பெருமான் அருணோக்கம் செய்தலும் சேவல் கொடியாயிற்று, மயில் ஊர்தியாயிற்று. பகைவன் அழிந்தான் என்பதினும் பகைமை அழிந்தது என்பதே பொருந்தும். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் ஊன்றி நோக்குவதில்லை. சூரனைப் பிளந்த வேல் தன் வெம்மை நீங்கி, வானகங்கையில் நீராடி, அருள்வடிவாய்ப் பெருமான் திருக்கரத்துக்கு மீண்டது. இம்மீட்சியே தெய்வப் படையின் தலையாய இலக்கணம் என்பது நம் துணிபு.

மீளாத படை

இவ்விலக்கணத்தை மறுதலையாகக் காட்டுவன இரண்டு கதைகள். ஒன்று இராவணன் வாள். கயிலையைப் பெயர்க்க முயன்று விரல்நுனியால் நசுக்குண்ட இராவணன், சாமகீதம் பாடிச் சந்திரகாசம் என்னும் வாளை இறைவனிடம் பெற்றான். இதனை அவமதித்தால் இது மீண்டும் என்னிடமே வந்துவிடும் என்று இறைவன் அவனிடம் உரைத்ததாக வான்மீகியாரின் உத்தரகாண்டம் கூறும். அத்தெய்வ வாளை அவன் எதற்குப் பயன்படுத்தினான்? பிறன் மனைவியைக் கவர்ந்து செல்லும் வழியில், அறம் கூறித் தடுத்த முதிய சடாயுவை வீழ்த்தவே பயன்படுத்தினான் எனக் கம்பர் பாடுகின்றார். தந்தவன் கடவுள், ஏந்திய கை ஆணவத்தின் கை.

அவ்வாளின் கதையை நம் ஊர் கல்லிலே எழுதி வைத்திருக்கின்றது. சுவாமிமலையின் செங்குத்தான பாறையிலே காணப்படும் பிளவை 'இராவணன் வெட்டு' என்கின்றோம். தாய் வழிபடுதற்பொருட்டு மலையையே பெயர்க்க எண்ணி அவன் வாளால் வெட்டினான் என்பது ஐதிகம். மலை பெயரவில்லை, வடு மட்டும் நின்றது. அத்தாய்க்கு அந்திமக்கடன் செய்தற்கு நீர் வேண்டி நிலத்தை ஏழிடத்திற் குத்தியதாற் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் தோன்றின என்பது ஊர்வழக்கு. நிலத்தடி நீர் ஆழச் சென்று வெம்மையுற்று வெடிப்புகளின் வழியே மேலெழுகின்றது என்பர் புவியியலார். அது வேறு நெறி. கதையின் பொருள் வேறு. மலையைக் கவர எழுந்த படை வெறும் வடுவைத் தந்தது. தாயின் கடனுக்காகத் தாழ்ந்த படை நீரைத் தந்தது. இன்றும் இறந்தார்க்குக் கடனாற்றுவார் கன்னியாவை நாடிச் செல்கின்றனர். திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தும், தம் மரபின்படி எட்டாம் பாட்டிலே, இராவணன் செருக்கடங்கிய செய்தியை நினைவூட்டுகின்றார்.

மற்றொன்று பாரதக் கதை. போர் முடிந்தபின் அசுவத்தாமனும் அருச்சுனனும் எதிரெதிரே அத்திரங்களை ஏவினர். உலகம் அழியும் என்று அஞ்சிய முனிவர்கள் இடைநின்று அவற்றை மீட்குமாறு வேண்டினர். அருச்சுனன் மீட்டான். அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. விடுக்கும் மந்திரம் அறிந்தானே அன்றி, மீட்டற்குரிய மனவடக்கம் அவனிடத்து இல்லை. அவ்வத்திரம் பாண்டவர் குலத்துக் கருவைச் சென்று தாக்கிற்று. பிறவாத மகவும் பகையாயிற்று. 1945-இல் இரோசிமாவையும் நாகசாகியையும் எரித்த குண்டுகளை எண்ணுவார்க்கு இக்கதை பழங்கதையாகத் தோன்றாது. இருவரும் துரோணர் ஒருவரிடமே பயின்றவர். கல்வி ஒன்று, கற்றவர் நெஞ்சம் வேறு.

அஸ்திரதேவர்

இவ்வுண்மையை நம் முன்னோர் ஏட்டளவில் நிறுத்தாது ஆண்டுதோறும் கண்ணாற் காணுமாறு விழாவாக அமைத்தனர். சிவாலயத் தீர்த்தோற்சவத்திலே அஸ்திரதேவர் எனப்படும் சூலவடிவே நீரில் மூழ்குவது. கடலானால் கடலிலும், ஆறானால் ஆற்றிலும், குளமானாற் குளத்திலும் சிவாசாரியார் அதனை அமிழ்த்தும்போது, அடியார் யாவரும் உடன் முழுகித் தம் பாவம் தீர்ந்ததாகக் கொள்கின்றனர். படைக்கலம் ஒன்று நீர்க்கரைக்கு வருகின்றது. ஊரார் அதனைக் கண்டு ஓடாமல் அதனோடு சேர்ந்து நீராடுகின்றனர். நம் கடலுக்கு வந்த பிற படைகளையும் இதனையும் ஒருங்கு வைத்து எண்ணின், தெய்வப் படையின் பொருள் இனிது விளங்கும். வானகங்கையில் வேல் நீராடியதன் நிழலே இவ்விழா எனலாம்.

விசயதசமியன்று நிகழும் மானம்பூத் திருவிழாவும் இத்தகையதே. அன்று வாளுக்கு இலக்காவது ஒரு வாழை. மகிடாசுரன் என்னும் ஆணவத்தை அவ்வாழையில் ஏற்றி வெட்டுகின்றனர். வாழையடியிற் கன்று மீண்டும் தளிர்க்கும். அதே நாளில் நம் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். வாளுக்கும் எழுத்துக்கும் ஒரே நாளை வகுத்தமை தற்செயலன்று. ஆற்றல் தருவன இரண்டுக்கும் அடக்கம் தேவை என்று பெரியோர் கருதினர் போலும்.

இதுகாறும் கூறியவற்றால், படையைத் தெய்வத்தன்மை உடையதாக்குவது இரும்பன்று, அதனை ஏந்தும் கையே என்பதும், செருக்கினின்று விடுபட்ட கைக்கே விடுத்த படை மீளும் என்பதும் பெறப்படும். நம் கல்லூரியிற் பயின்று பொறியியலராயும் மருத்துவராயும் சட்டவறிஞராயும் ஆசிரியராயும் உலகெங்கும் பரந்துள்ள பழைய மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படைக்கலம் உண்டு. கற்ற கல்வியே அது. அதனை விடுக்கும் வகையைப் பாடநூல்கள் கற்பிக்கும். மீட்கும் வகையைக் கற்பிப்பன கோயிலும் குருவும் தன்னெஞ்சமும் ஆம். இப்பொழுது வகுப்புகளில் அமர்ந்திருக்கும் இளைய மாணவர் இரண்டினையும் ஒருங்கே கற்றுத் தேறுவாராக.