சேஞ்சும் எக்ஸ்சேஞ்சும்: கையெழுத்து வைக்குமுன் ஒரு பாடம்

பஸ்ஸில் நடத்துநரிடம் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினால் “சேஞ்ச் இல்லையோ?” என்று கேட்கிறார். பாடசாலையால் வந்த பிள்ளையிடம் தாய் “உடுப்பைச் சேஞ்ச் பண்ணு” என்கிறாள். முதலாவது சில்லறை, இரண்டாவது உடை மாற்றுதல். ஆங்கிலம் படியாதவர்களும் தயங்காமல் பேசும் சொல் இது. வீட்டிலும் வீதியிலும் இந்த ஒரு சொல் போதும். ஆனால் கந்தோர்ப் படிவங்களில் மாற்றத்தைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. அவற்றின் வேறுபாடு தெரியாவிட்டால் இழப்பு எமக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி எம்மிடம் வந்தார். “சுவாமி, விலாசம் மாத்திறதுக்கு ஒரு பேப்பர் தந்திருக்கினம். எங்க கையெழுத்து வைக்கிறது எண்டு காட்டுங்கோ” என்றார். வாசித்துப் பார்த்தோம். அதில் இருந்த சொல் சேஞ்ச் அல்ல, எக்ஸ்சேஞ்ச். தமது வயற்காணிக்குப் பதிலாக வேறோர் இடத்தில் காணி ஏற்கச் சம்மதம் என்பதே அதன் பொருள். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் பேனையைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகவே இம்முறை ஆறு சொற்களைப் படிப்போம்.

1. சேஞ்ச்
இது பொதுச் சொல். எந்த மாற்றத்துக்கும் பொருந்தும். ‘சேஞ்ச் ஒவ் அட்ரஸ்’ என்றால் விலாச மாற்றம். எது மாறுகிறது என்பதை இச்சொல் தானாகச் சொல்வதில்லை. எனவே பக்கத்தில் உள்ள சொல்லையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

2. ஓல்ற்றர்
பொருள் அதுவே இருக்க, அதில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது. தொளதொளத்த சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து ஒடுக்கினால் அது ஓல்ற்றர். அதைக் கழற்றி வேறு சட்டை போட்டால் அது சேஞ்ச். பத்திரங்களில் அழிப்பதும் மேலெழுதுவதும் ‘ஓல்ற்றறேஷன்’ எனப்படும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை என்று எமது பேனையால் திருத்தினால், உண்மையான பத்திரமும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். உறுதியில் வெட்டுத் திருத்தம் இருந்தால் அதை நொத்தாரிசு தமது அத்தாட்சிக் குறிப்பில் எழுதுவதும் இதனாலேயே.

3. அமென்ட்
அதிகாரம் உள்ளவர் முறைப்படி செய்யும் திருத்தம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தை எல்லோரும் அறிவோம். ஆங்கிலத்தில் அது ‘அமென்ட்மென்ற்’. சட்டங்களும் இவ்வாறே திருத்தப்படுகின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

4. றான்ஸ்பர்
ஆசிரியருக்கு றான்ஸ்பர் என்றால் அவர் வேறு பாடசாலைக்குப் போகிறார். காணிக்கு றான்ஸ்பர் என்றால் காணி அசைவதில்லை, உரிமைதான் வேறொருவரிடம் போகிறது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி தனியார் காணி விற்பனை நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுத்தில் நடக்க வேண்டும். பேமிற் காணியை உரிய அதிகாரியின் முன் அனுமதி இன்றிக் கைமாற்ற முடியாது. கொப்பித் தாளில் எழுதிக் காசு வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் பின்னர் படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம்.

5. எக்ஸ்சேஞ்ச்
ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவது. இதில் இரண்டு கைகள் உண்டு. புதிய காணி கிடைக்கிறது என்பதை மட்டும் பார்த்து, பழைய காணி போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. விரும்பி, விளங்கி, குடும்பத்துடன் பேசிச் செய்தால் அதில் தவறில்லை.

6. றிப்ளேஸ்
இல்லாமற் போனதின் இடத்தில் இன்னொன்றை வைப்பது. இடப்பெயர்வில் உறுதி தொலைந்த பலர், காணியும் போய்விட்டது என்று சோர்ந்திருக்கிறார்கள். அப்படியல்ல. தொலைந்தது தாள், உரிமை அல்ல. பதிவு செய்யப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம்.

ஆறு சொற்களும் முடிந்தன. ஆனால் எமக்கு மிக நெருக்கமான ஒரு சொல் இன்னும் உண்டு. அது ‘றிசெற்றில்மென்ற்’. மீள்குடியேற்றம் என்று தமிழில் கேட்டவுடன் எமது ஊருக்குத் திரும்புவது என்றே விளங்கிக்கொள்கிறோம். ஆனால் உள்ளக இடப்பெயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகளில், ஊருக்குத் திரும்புவதற்கு ‘றிற்றேர்ண்’ என்ற சொல்லே உண்டு. அங்கே ‘றிசெற்றில்’ என்பது நாட்டின் வேறொரு பகுதியில் குடியேறுவது. இரண்டும் சுயவிருப்பத்துடன் நடக்க வேண்டும் என்று 28ஆம் கோட்பாடு கூறுகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. வேறோர் இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். அந்த இடத்துக்குக் கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் என்று பெயர். ஊரின் பெயர் மாறவில்லை, ஊர்தான் மாறியது. தங்கள் சொந்தக் காணியைக் கேட்டு அம்மக்கள் 2017இல் வீதியோரத்தில் இருந்து போராட வேண்டியதாயிற்று.

எனவே எந்தச் சொல் எழுதப்பட்டிருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். எது மாறுகிறது? எதிலிருந்து எதற்கு? மாறிய பின் பழையது யாருக்கு? இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை கையெழுத்து வேண்டாம். தமிழ்ப் படிவம் கேட்பதற்கும் கூச வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. கேட்பது சலுகை அன்று, உரிமை.

பயிற்சி

மாதர் சங்கக் கூட்டத்திலோ விவசாயிகள் கூட்டத்திலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பொருத்தமான சொல்லைச் சொல்லுங்கள்.

அ. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்ப் பிழையைப் பதிவாளர் ஊடாகத் திருத்துவித்தல்.
ஆ. தந்தை மகளுக்குக் காணியை எழுதிக் கொடுத்தல்.
இ. கடையில் வாங்கிய பழுதான மண்வெட்டிக்குப் பதிலாகக் கடைக்காரர் வேறொன்று தருதல்.
ஈ. அயலவர்கள் இருவர் தங்கள் வயல்களை ஒருவருக்கொருவர் மாற்றி எழுதுதல்.

விடைகள்: அ. அமென்ட். ஆ. றான்ஸ்பர். இ. றிப்ளேஸ். ஈ. எக்ஸ்சேஞ்ச்.

பின்னர் உங்கள் வீட்டில் உள்ள ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, இந்தச் சொற்களில் எது அதில் உள்ளது என்று பிள்ளைகளுடன் சேர்ந்து தேடிப் பாருங்கள். கையெழுத்து வைத்து முடிந்த படிவமாக இருந்தாலும் பரவாயில்லை. எதற்குக் கையெழுத்து வைத்தோம் என்று பிந்தியாவது அறிந்துகொள்வது நன்று.