பெயர் தாங்கிய ஏடுகள்

கி.பி. 1822ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, தம் ஆட்சிப் பரப்பில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்துணை மாணாக்கர் பயில்கின்றனர் எனக் கணக்கெடுக்கப் பணித்தார். மாவட்ட ஆட்சியர்கள் விடையனுப்பி முடிக்கச் சில ஆண்டுகள் சென்றன. 1826 மார்ச்சு 10ஆம் நாளிட்ட குறிப்பில் மன்றோ தொகுத்துரைத்த கணக்கின்படி, பள்ளிகளும் கல்லூரி எனப்பட்டவையும் சேர்ந்து 12,498, மாணாக்கர் 1,88,650. இவ்வறிக்கைகளை அறிஞர் தரம்பால் தேடித் தொகுத்து 1983இல் ஆங்கில நூலாக வெளியிட்டார்.

அவற்றுள் நம் கருத்தை ஈர்ப்பது மலபார் மாவட்ட அறிக்கை. அங்குப் பயின்ற முஸ்லிம் சிறுவர் 3,196. முஸ்லிம் சிறுமியர் 1,122. ஏறத்தாழ மூன்று சிறுவர்க்கு ஒரு சிறுமி! அந்நாளில் நம் பெண்மக்கள் கல்வி வாடையே அறியார் என எளிதில் கூறிவிடுவோர் இவ்வெண்ணை ஒருமுறை நோக்குதல் நன்று.

ஆயின், அந்த 1,122 சிறுமியர் யாவர்? எவ்வூர்ப் பள்ளியில், எவரிடம் ஓதினர்? அறிக்கையில் விடையில்லை. அரசு எண்ணைக் கேட்டது, பெயரைக் கேட்கவில்லை. பெயர் பள்ளியில்தான் இருத்தல் வேண்டும். பள்ளி காவாதுவிடின் அது எங்கும் இல்லை. தரங்கம்பாடியில் 1707இல் சீகன்பால்கு தொடங்கிய பள்ளிகளைப் பற்றி இன்று விரிவாக எழுத இயல்கிறதெனில், அங்கிருந்து செருமனியின் ஹாலே நகருக்குச் சென்ற மடல்களும் அறிக்கைகளும் போற்றிக் காக்கப்பட்டமையே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பவள விழா மலருக்குக் கட்டுரை எழுத முற்பட்டோம். முதல் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டோம். கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய தாள்களோடு அதையும் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கூறினர். அங்குச் சேர்ந்த முதற்பெண்களுள் ஒருவர் என ஊரார் சுட்டிய மூதாட்டியிடம் இதனைச் சொன்னோம். “எம் பேரு போனாப் போவட்டும் தம்பி, எங்க வாப்பா கையெழுத்து அதுல இருந்துச்சே” என்றார். தமிழெழுத்து அறியாத அவர் தந்தையார் அறபுத்தமிழில் ஒப்பமிட்டிருந்தாராம். அன்னாரின் கையெழுத்து வேறெங்கும் இல்லை.

சேர்க்கைப் பதிவேடு வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. தந்தையின் தொழில், சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் ஆகியன வரிசையாகக் கிடைக்கும்போது ஓர் ஊரின் வாழ்வே அதில் தெரியும். மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டுகளும் ஆய்வாளர் குறிப்புகளும் நிருவாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடுகளும் அவ்வாறே.

நம்மிடையே வேறோர் இடரும் உண்டு. அரபெழுத்துத் தாள் காலில் மிதிபடலாகாது என்று, சிதைந்த கிதாபுகளைப் புதைப்பதும் நீரில் விடுவதும் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் அவற்றோடு அறபுத்தமிழில் எழுதிய மதரசாக் கணக்கும் சந்தாப் பட்டியலும் போய்விடக் கூடும். எழுத்து அரபு, மொழி தமிழ் எனப் படித்துரைப்போர் அருகிவிட்டனர். அறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின்னரே எதனையும் புதைத்தல் தகும்.

காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டலாகாது. அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளைக் கறைப்படுத்தும். குண்டூசி துருவேறும், அகற்றிவிடுக. லேமினேட் செய்தால் பின்னர்ப் பிரித்தல் அரிது. ஏடுகளைத் தரையிலன்றி, ஈரச் சுவரினின்று விலக்கி வைத்தல் வேண்டும். கைப்பேசியால் பக்க வரிசைப்படி படமெடுக்கலாம்; படமெடுத்தாயிற்று என்று மூல ஏட்டைக் கழித்துவிடுவது கூடாது. வாழ்வோரின் பிறந்தநாள், சாதி முதலிய குறிப்புகளைப் பலர் காண வெளியிடுவதும் முறையன்று.

பெரியோர்கள் தத்தம் வீட்டுப் பரண்களை ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டுகிறோம். அம்மூதாட்டி சில நாள் கழித்துத் தம் தகரப் பெட்டியிலிருந்து இரண்டு கட்டணச் சீட்டுகளை எடுத்துத் தந்தார். மை மங்கியிருந்தாலும் அவர் பெயரும் பள்ளியின் பெயரும் தெளிவாக இருந்தன. அப்பள்ளியைப் பற்றி நம் கைக்கு எட்டிய மிகப் பழைய சான்று அவ்விரண்டு சீட்டுகளே.